பெயரைத் தேடாதீர்கள், ஊரைத் தேடுங்கள்: போர்க் கல்லறை ஆணையத்தின் தேடுதளம் நமக்கு எவ்வளவு உதவும்?

“தாத்தாவோட அண்ணன் ஒருத்தர் பட்டாளத்துக்குப் போனார். பஸ்ராவோட சரி, திரும்பல.” வேலூர், குடியாத்தம் பக்கம் பல வீடுகளில் முதல் உலகப் போரைப் பற்றி மிஞ்சியிருப்பது இப்படி ஒரு வரிதான். சில வீடுகளில் போனவரின் பெயர்கூட மறந்துபோயிருக்கும். ‘சுபேதார் வீடு’ என்று தெருவில் ஒரு அடையாளம் மட்டும் நிற்கும். இவ்வளவை வைத்துக்கொண்டு எங்கே போய்க் கேட்பது என்றால், முதலில் போக வேண்டிய இடம், இரண்டு உலகப் போரிலும் பிரிட்டிஷ் சாம்ராஜ்யப் படைகளில் இறந்தவர்களின் கல்லறைகளையும் பெயர்ப் பதிவுகளையும் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தேடுதளம். கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதில்லை, ஒரு நாளைக்கு இத்தனை தேடல் என்ற வரம்பும் இல்லை.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். போரில் இறந்தவரைத் தேடுகிறவர்களுக்கு 10க்கு 8. உயிரோடு ஊர் திரும்பியவரைத் தேடுகிறவர்களுக்குப் பூஜ்யம், ஏனென்றால் அவர் அதில் இருக்கவே மாட்டார். தேடி ஏமாந்தவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு விஷயம் தெரியாமல் ஏமாந்தவர்கள். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் பணியின்போது இறந்தவர்கள்தான் ஆணையத்தின் கணக்கு. இரண்டு போருக்கும் சேர்த்து சுமார் 17 லட்சம் பேர். தாத்தா பென்ஷன் வாங்கி 1950இல் இறந்தவர் என்றால் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

இனி தேடும் முறை. தளத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது குடும்பப் பெயருக்கான கட்டம். எல்லாரும் அதில்தான் விழுகிறார்கள். முனுசாமி என்று ஒருவரைத் தேடுகிறோம் என்று வையுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெயரைக் காதால் கேட்டு எழுதிய கிளார்க், எம்-யு-என்-யு என்றும் தொடங்கியிருக்கலாம், எம்-யு-என்-ஐ என்றும் தொடங்கியிருக்கலாம், எம்-ஓ-ஓ-என்-இ என்றும் தொடங்கியிருக்கலாம். பின்பாதியில் வரும் ‘சாமி’க்கு எஸ்-ஏ-எம்-ஐ, எஸ்-டபிள்யூ-ஏ-எம்-ஐ, எஸ்-ஏ-டபிள்யூ-எம்-ஒய் என்று குறைந்தது மூன்று எழுத்துமுறை. பெருக்கிப் பார்த்தால் ஒரே ஆளுக்கு ஒன்பது எழுத்துக்கோவை வருகிறது. பழனி என்ற பெயர் பி-யு-எல்-என்-இ-ஒய் என்று கிடக்கும். போதாக்குறைக்கு நம் ஆட்களுக்கு ஒற்றைப் பெயர்தான். அது குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், முதல் பெயர் கட்டம் காலியாக இருக்கும். இரண்டு கட்டத்தையும் நிரப்பித் தேடினால் ஒன்றும் வராது.

அதனால் பெயரை விடுங்கள். மேம்பட்ட தேடலைத் திறந்தால் ‘அடிஷனல் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு கட்டம் இருக்கும். இந்தத் தளத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவர் பதிவின் அடியிலும், தகவல் கிடைத்திருந்தால், ஒரு வரி எழுதியிருப்பார்கள்: இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, இன்ன மாவட்டம். அந்த வரிக்குள் தேடும் கட்டம் இது. இங்கே ஊர்ப் பெயரையோ தாலுகாவையோ, ஒன்றும் சரியாக வராவிட்டால் மாவட்டத்தை மட்டுமோ போடுங்கள். எந்தப் போர் என்ற இடத்தில் முதல் உலகப் போர், எந்த நாட்டுப் படை என்ற இடத்தில் இந்தியா என்று தேர்ந்தெடுங்கள். வரும் முடிவுகளை அப்படியே எக்செல் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைவிட, கோப்பை இறக்கி அந்த ஒரு நெடுவரிசையை அகரவரிசைப்படுத்தி மெதுவாக வாசிப்பது மேல். கண்ணுக்குப் பிடிபடும் எழுத்துக்கூட்டல் கணினித் தேடலுக்குப் பிடிபடாது.

மாவட்டப் பெயரை அந்தக் காலத்து ஆங்கிலத்தில் போட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். டின்னவெல்லி, டிரிச்சினாப்பொலி, டாஞ்சூர், சிங்கில்புட், நார்த் ஆர்காட், சவுத் ஆர்காட், மதுரா, ராம்நாட். இதைவிடப் பெரிய கண்ணி மாவட்ட எல்லை. இன்றைய மாவட்டத்தை வைத்துக்கொண்டு அன்றைய ஆளைத் தேடினால் வேறு யாரோ கிடைப்பார்கள். திருத்தணிக்காரர் சித்தூர் மாவட்டத்தில் இருப்பார். 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் பிரிந்தபோது அங்கே போன திருத்தணி, 1960இல்தான் இந்தப் பக்கம் திரும்பி வந்தது. அதே 1911இல் திருப்பத்தூர் சேலத்தை விட்டு வட ஆர்க்காட்டுக்கு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர் ஆட்களை 1910க்குப் பிறகு ராம்நாட்டில் தேட வேண்டும், அதற்கு முன்னால் டின்னவெல்லியில். நாமக்கல் போர்க்காலத்தில் திருச்சிராப்பள்ளியோடு இருந்தது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் எல்லாம் சேலம். நாகர்கோவில், செங்கோட்டை இரண்டும் திருவிதாங்கூர். புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ஆவணத்தை எழுதியவர் பழைய மாவட்டத்தையே போட்டிருக்கவும் கூடும் என்பதால், எல்லையோர ஊர் என்றால் இரண்டு மாவட்டத்திலும் தேடிப் பார்ப்பதுதான் புத்தி.

இங்கேதான் ஊர் வரலாற்று நூல்கள் கை கொடுக்கின்றன. மாவட்ட மேனுவல், மாவட்ட கெசட்டியர் என்று வெள்ளைக்காரர் ஆட்சியில் மாவட்டவாரியாகத் தொகுத்த விவர நூல்கள் இரண்டு தலைமுறையாக இருக்கின்றன. வட ஆர்க்காட்டுக்கு 1881இல் காக்ஸ் தொகுத்த மேனுவல், அதைத் திருத்தி 1895இல் வந்த இரண்டு தொகுதிகள். திருநெல்வேலிக்கு 1917இல் பேட் எழுதிய கெசட்டியர். சேலத்துக்கு 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ‘இன்டர்நெட் ஆர்கைவ்’ தளத்திலும் இந்த வகை நூல்களின் ஸ்கேன் பிரதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இவற்றில் உங்கள் பாட்டன் பெயர் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஜமீன்தார், பாளையக்காரர், கலெக்டர் ஆகியோரைத் தவிர ஆள் பெயரே அபூர்வம். நமக்கு வேண்டியது பின்னிணைப்பில் வரும் தாலுகா வாரியான ஊர் விவரம். உங்கள் ஊரை அன்று எந்த எழுத்துக்கூட்டலில் எழுதினார்கள், எந்தத் தாலுகாவில் வைத்தார்கள் என்பது தெரிந்தால் தேடல் பாதி முடிந்த மாதிரி. சென்னை மாகாண கிராமங்களின் அகரவரிசைப் பட்டியல் என்று ஒரு அரசு வெளியீடு உண்டு. வாசிக்க ஒன்றுமில்லாத புத்தகம், ஆனால் ‘புதூர்’ என்று மட்டும் எழுதியிருந்தால் எத்தனை புதூர் எந்தெந்தத் தாலுகாவில் இருந்தது என்று சொல்ல அதை விட்டால் ஆளில்லை.

ஸ்கேன் பிரதிக்குள் எழுத்தைப் போட்டுத் தேடுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய அச்சில் தமிழ் ஊர்ப் பெயர்களைக் கணினி கண்டபடி படிக்கும். பொருளடக்கத்தில் தாலுகாவைப் பார்த்து, அந்தப் பக்கத்துக்கே போய்க் கண்ணால் வாசிப்பதுதான் வழி.

சரி, ஒரு பதிவு கிடைத்துவிட்டது. அதில் என்ன இருக்கும்? பெயர், ரேங்க், சேவை எண், படைப்பிரிவு, இறந்த தேதி, நினைவுச்சின்னம் அல்லது கல்லறையின் பெயர், சுவரில் எந்தப் பலகை என்ற எண், கடைசியில் அந்த ‘மகன்’ வரி. ஸ்கேன் செய்த மூலப் பதிவேட்டுப் பக்கமும் சில பதிவுகளில் இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் நகராதீர்கள், தட்டச்சுப் பிழை எங்கே நுழைந்தது என்பது அதில்தான் தெரியும். இதில் ஒவ்வொன்றிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

படைப்பிரிவில்தான் ரொம்பப் பேர் தடுமாறுகிறார்கள். ‘மெட்ராஸ்’ என்று போட்டுத் தேடினால் முதல் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படையின் ஆட்கள் சிக்கவே மாட்டார்கள். பட்டாளத்தில் ‘தம்பி’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட இந்தப் பெங்களூர்ப் படையின் அப்போதைய அரசாங்கப் பெயர் ‘இரண்டாவது குவீன் விக்டோரியாஸ் ஓன் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’. அதில் மெட்ராஸ் என்ற சொல்லே இல்லை. முதலாவது என்றால் வங்காளம், மூன்றாவது என்றால் பம்பாய். காலாட்படையில் இன்னொரு கணக்கு. 1903இல் அன்றைய இந்தியத் தலைமைத் தளபதி கிச்சனர் எல்லாப் படைகளுக்கும் எண் மாற்றியபோது சென்னைப் படையின் பழைய எண்ணோடு 60ஐக் கூட்டினார்கள். 3வது மெட்ராஸ் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருந்தால் தேட வேண்டியது 63வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி. 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா சண்டையில் இறங்கியது இந்தப் படைதான். கூடவே 61வது பயனியர்ஸ் (பாதை வேலையும் செய்யும் காலாட்படை) என்ற இன்னொரு சென்னைப் படையும் இறங்கியது. கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, பயனியர்ஸ் இவையெல்லாம் நம் பக்கத்து ஆட்கள். ஆனால் 62, 66, 67 போன்ற எண்களில் ‘பஞ்சாபிஸ்’ என்று இருப்பவை பெயரளவில் பழைய சென்னைப் படைகள். ஆட்களைப் பஞ்சாபிலிருந்து எடுத்த பிறகு பெயரும் மாறிவிட்டது. பெயர் மாற்றங்களை வரிசையாகப் பார்க்க பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்கள் சங்கத்தின் விக்கி பக்கங்கள் நல்ல துணை. அந்தச் சங்கத்தின் பெயர்த் தரவுத்தளம் பெரும்பாலும் வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் குடும்பங்களுக்கானது. நமக்கு அந்த விக்கி போதும்.

ரேங்க் என்ற இடத்தில் சிப்பாய், நாயக், ஹவில்தார் என்று மட்டும் தேடுகிறவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள். முதல் போருக்குச் சென்னை மாகாணம் அனுப்பிய 92,340 பேரில் 41,117 பேர் ஆயுதம் ஏந்தாதவர்கள். நூற்றுக்கு நாற்பத்துநாலு பேர்! தூக்குக் கட்டில் சுமந்தவர், சமையல்காரர், துப்புரவாளர், கோவேறுகழுதை ஓட்டியவர், படகில் வேலை செய்தவர், ரயில் பாதை போட்டவர். இவர்கள் ‘ஃபாலோயர்’, ‘பேரர்’, ‘குக்’, ‘ஸ்வீப்பர்’, ‘லேபரர்’ என்ற ரேங்குகளில், ஆர்மி பேரர் கோர், சப்ளை அண்ட் டிரான்ஸ்போர்ட் கோர், லேபர் கோர் போன்ற பெயர்களுக்குக் கீழே இருப்பார்கள். ‘டிரைவர்’ என்று கண்டதும் லாரி என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் கழுதை வண்டிதான். வீட்டில் “தாத்தா பட்டாளத்தில் பெரிய சிப்பாய்” என்று சொல்லி வளர்த்திருப்பார்கள். பதிவில் தூக்குக் கட்டில் சுமந்தவர் என்று இருந்தால் அது வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஊரும் தகப்பன் பெயரும் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

வீட்டில் பதக்கம் ஏதாவது மிஞ்சியிருந்தால் இதைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரை மேல் ஆள், 36 மில்லிமீட்டர் விட்டம். அது பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். சண்டைப் பிரிவுக்காரர்களுக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். லேபர் கோர், ஃபாலோயர் பிரிவுக்காரர்களுக்கு அதே அச்சு வெண்கலத்தில். பதக்கத்தின் விளிம்பை, முகப்பை அல்ல, பூதக்கண்ணாடி வைத்துச் சுற்றிலும் பாருங்கள். எண், ரேங்க், பெயர், படை நான்கையும் பொடி எழுத்தில் அடித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். கொஞ்சம் சாக்பீஸ் பொடியைத் தூவித் துடைத்தாலே படிக்கும்படி தெரியும். வெள்ளிப் பதக்கம் அடகுக் கடைக்குப் போய் உருகியிருக்கும், வெண்கலம் விலை போகாததால் தப்பியிருக்கும். பல வீடுகளில் நடந்தது இதுதான்.

சேவை எண் அந்தந்தப் படைக்குள் மட்டும்தான் தனித்தது. 1456 என்ற எண் பத்துப் படைகளில் பத்துப் பேருக்கு இருக்கும். எண்ணை மட்டும் போட்டுத் தேடி “கிடைச்சுட்டார்” என்று குதிக்க வேண்டாம்.

நினைவுச்சின்னத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். மெசபட்டோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், இறந்து கல்லறை தெரியாமல் போனவர்கள் 40,000க்கும் மேல். அவர்களுக்கான சின்னம் பஸ்ரா நினைவுச்சின்னம். நம் பக்கத்து ஆட்களில் பெரும்பகுதி இங்கேதான் வருவார்கள். பதிவில் பலகை எண் போட்டிருக்கும். அதைப் பார்த்து, பாட்டன் பெயர் கல்லில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறோம். கல்லில் இருப்பது படைப்பிரிவின் பெயரும் இந்திய அதிகாரிகளின் பெயரும்தான். சாதாரணச் சிப்பாய்களை, ஃபாலோயர்களை, “இத்தனை பேர்” என்று எண்ணிக்கையாகப் போட்டார்கள். அவர்கள் பெயர் காகிதப் பதிவேட்டில் மட்டும். அதே சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. சின்னமே 1997இல் பழைய இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நாசிரியா போகும் சாலையில் 32 கிலோமீட்டர் தள்ளி வைக்கப்பட்டது. நேரில் போய்க் கும்பிடலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். பிரான்ஸின் நவ் ஷாப்பெல் சின்னத்தில் நிலைமை வேறு. 1927இல் திறந்த அந்தச் சுவரில் 4,700க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள், லேபர் கோர் ஆட்கள் ஆகியோரின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன.

10க்கு 10 கொடுக்க முடியாததற்கும் பெயர் விடுபட்ட இந்தக் குறையே காரணம். ஆணையமே அமைத்த தனிக்குழு 2021 ஏப்ரலில் வெளியிட்ட அறிக்கை இதை ஒளிக்காமல் சொல்கிறது. இந்தியா, ஆப்பிரிக்கா, எகிப்து முதலிய இடங்களைச் சேர்ந்த 45,000 முதல் 54,000 பேர் வரை மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் குறிக்கப்படவில்லை அல்லது குறிக்கப்படவே இல்லை. இதில் பெரும் பகுதி ஆப்பிரிக்கர். ஆனால் நம் ஃபாலோயர்களைத் தேடும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும். தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால், போகவே இல்லை என்று பொருளில்லை.

இரண்டாம் போர்ப் பதிவுகள் இதைவிடச் செழிப்பு. முதல் போரில் தகப்பன் பெயரோடு நிற்கும் வரி, இங்கே பல பதிவுகளில் “இன்னாருக்கும் இன்னாருக்கும் மகன், இன்னாரின் கணவர்” என்று நீள்கிறது. அம்மா பெயர், மனைவி பெயர்! பட்டாவிலும் பத்திரத்திலும் ஆண் பெயரே ஓடும் குடும்பங்களில் கொள்ளுப்பாட்டியின் பெயர் எழுத்தில் கிடைப்பது இங்கே மட்டும்தான் என்றுகூட ஆகலாம். பர்மாவில் இறந்து கல்லறை இல்லாதவர்கள் தௌக்யனில் உள்ள ரங்கூன் சின்னத்தில், கிட்டத்தட்ட 27,000 பெயர்களோடு. மலேயா, சிங்கப்பூர் பக்கம் இறந்தவர்கள் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் சின்னத்தில், 24,000க்கும் மேல். ஒன்று: நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இறந்த மலேயாத் தமிழர்களை இந்தத் தளத்தில் தேடாதீர்கள். அது எதிரணிக் கணக்கு. அதற்கு டெல்லி தேசிய ஆவணக்காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளம். பாதுகாப்பு அமைச்சகம் 1997இல் ஒப்படைத்த ஐ.என்.ஏ. கோப்புகள் 990 அந்தக் காப்பகத்தில்தான் இருக்கின்றன. பதிவு செய்தால் இலவசம், ஆனால் கோப்புத் தலைப்பைத்தான் தேட முடியும், உள்ளே இருக்கும் ஆள் பெயரை அல்ல. பொறுமை வேண்டும்.

காசு வாங்கும் வம்சாவளித் தளங்களைப் பற்றி ஒரே வரி: இந்தியச் சிப்பாய்க்காகச் சந்தா கட்டாதீர்கள். அவற்றில் இருக்கும் இந்திய ஆவணங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகள். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் 14 கிலோமீட்டர் நீள அலமாரியில் கிடந்தாலும், சாதாரண இந்தியச் சிப்பாயின் தனிச் சேவை ஏடு அங்கே இல்லை. சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரி என்றால் ஒரு வழி இருக்கிறது. இந்திய ராணுவப் பட்டியல் என்ற அச்சு வெளியீட்டில் படைவாரியாக அவர்கள் பெயரும் பதவி உயர்வுத் தேதியும் வரும், சில ஆண்டுகளின் பிரதிகள் ஆர்கைவ் தளத்தில் உண்டு. பிரிட்டன் தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 95 (வார் ஆபீஸ்) வரிசையில் படைகளின் போர் நாட்குறிப்புகள் இருக்கின்றன. பாட்டன் இறந்த தேதியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நாளின் பக்கத்தைப் புரட்டலாம். சிப்பாய் பெயரை எழுதியிருக்க மாட்டார்கள், “இரண்டு பேர் பலி” என்றுதான் இருக்கும். ஆனாலும் அன்று எந்த ஆற்றங்கரையில் எதற்காகக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

பொறாமைப்பட ஒன்று சொல்லலாம். பஞ்சாபுக்கு ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் 26 தொகுதிகளாகத் தப்பிக் கிடந்தன. 3,20,000 பேரின் விவரம். உயிரோடு திரும்பியவர்களும் சேர்த்தி. 2021 முதல் அவற்றை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள், ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த ஊரிலிருந்து போனவர்கள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். சென்னை மாகாணத்துக்கு அப்படி ஒரு தளம் இல்லை. நமக்கு ஊர்க் கணக்காக இருப்பது கல்வெட்டுதான். போருக்கு அதிகம் ஆள் அனுப்பிய ஊர்களில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஆங்கிலப் பலகை பதித்தார்கள்: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள். வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் 277 என்றும் 14 என்றும் இருக்கிறது. அவ்வளவு பெரிய ஊரையும் ‘கிராமம்’ என்றே எழுதியிருக்கிறது. பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் அந்த எண்ணிக்கைக்கு ஒரு பயன் உண்டு. உங்கள் ஊர்ப் பலகையில் இறந்தவர் ஐந்து என்று இருந்து, ஆணையத்தின் தளத்தில் அந்த ஊர்ப் பெயரில் இரண்டு பேர்தான் கிடைத்தால், மூன்று பேர் வேறு எழுத்துக்கூட்டலிலோ வேறு தாலுகாவிலோ ஊர் வரி இல்லாமலோ ஒளிந்திருக்கிறார்கள் என்று பொருள். எங்கே நிறுத்துவது என்பதை அந்தக் கல் சொல்லும். பலகையைப் பள்ளிக்கூடச் சுவர், பழைய சாவடி, கிணற்றுமேடை, தபால் ஆபீஸ் பக்கம் தேடுங்கள். சுண்ணாம்பு அடித்து மூடியிருப்பார்கள், சாய்ந்த வெயிலில், காலை ஏழு மணிக்கு முன், எழுத்து நிழல் கட்டித் தெரியும்.

இனி உயிரோடு திரும்பியவர்கள். இதற்கு இணையம் உதவாது, மனு எழுத வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் ரெக்கார்ட் ஆபீஸ். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டன். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்து அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்கிற விதத்தில்தான் சாமர்த்தியம். “சேவை ஆவணங்கள் அனைத்தும் வேண்டும்” என்று எழுதினால், விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன என்று ஒரு வரி பதில் வரும். அது உண்மையும்கூட: பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் ஏடுகளை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள். ஆனால் ‘லாங் ரோல்’ என்ற நீள்பதிவேட்டை அழிப்பதில்லை. எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் என்று ஆளுக்கு ஒரு வரி. “லாங் ரோலில் உள்ள பதிவின் சான்றிட்ட நகல்” என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். சேவை எண் இல்லாமல் பெயர் மட்டும் வைத்துக் கேட்டால் தேட முடியவில்லை என்றுதான் வரும், அதனால் முதலில் டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புத்தகம், பதக்க விளிம்பு ஏதாவது ஒன்றிலிருந்து எண்ணைப் பிடியுங்கள். கலைத்துவிடப்பட்ட படைகளுக்கு வாய்ப்பு குறைவு. பழைய மெட்ராஸ் ரெஜிமென்ட்டை 1928இல் கலைத்தார்கள், மெட்ராஸ் பயனியர்ஸை 1933இல். இரண்டாம் போர்க்காலத்தில்தான் மெட்ராஸ் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. இரண்டாம் போர்க்காரர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நலன் அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கோ விதவைக்கோ உதவித்தொகை வந்திருந்தால் கோப்பு அங்கே இருக்கும்.

கடைசியாக, ஆணையத்தின் தளத்தில் பிழை கண்டால் திருத்த முடியும், விடுபட்டவரைச் சேர்க்கவும் விண்ணப்பிக்கலாம். “எங்க குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும்” என்பது அங்கே செல்லாது. அந்தக் காலத்துக் காகிதம் கேட்பார்கள்: இறப்பை அறிவித்து வந்த கடிதம், குடும்பப் பென்ஷன் உத்தரவு, லாங் ரோல் நகல், இப்படி ஏதாவது ஒன்று. ஊர்ப் பெயர் எழுத்துக்கூட்டலைத் திருத்துவதானால் கெசட்டியரின் அல்லது கிராமப் பட்டியலின் பக்கத்தை நகலெடுத்துச் சேருங்கள். தமிழ் ஆவணம் என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பும் கூட வைக்க வேண்டும். மூலத்தை அனுப்பாதீர்கள், ஸ்கேன் போதும்.